குள்ளருக்குச் சுற்றிப் போட்ட மிளகாய்

முதலில் பேசியது கல்லா, ஜெராக்ஸ் கடை சக்கரவர்த்தியா என்பது இதைச் சொல்கிறவனுக்கே சரியாக நினைவில்லை. கேட்டவர்களும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், பலகைக் கற்களை நிறுத்தி மூடிய பழங்காலக் கல்லறை ஒன்று இருக்கிறது. முன்கல்லில் வட்டமாக ஓர் ஓட்டை. குள்ளர் வீடு என்பார்கள். பின்கல் விழுந்துவிட்டதால் ஆடுகள் மழைக்கு ஒதுங்கும். அவ்வளவுதான் அதன் பெருமை.

கண்ணமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்து நொடித்துப்போன சக்கரவர்த்தி வந்து பின்பக்கத்தைத் தார்ப்பாயால் இழுத்துக் கட்டினார். உடனே உள்ளே குள்ளர் கண்விழித்துவிட்டார். ஓட்டையில் வாய்வைத்துக் கேட்டால் பதில் சொன்னார். சுற்றுலா ஜீப்புகள் வரிசை கட்டின. மூவாயிரம் ஆண்டு பட்டினி கிடந்தவருக்குத் தேனும் தினையும் ஒத்துக்கொள்ளவில்லை, புரோட்டா கேட்டார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சால்னா தனியாக இருக்கட்டும் என்றபோதும் வரவில்லை.

பக்கத்து ஊர் அம்மாக்கண்ணுவின் கவலை வேறு. புருஷன் ரங்கசாமி மாதக்கணக்கில் இருமினான். எச்சிலில் ரத்தம் கண்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். அவன் குள்ளரிடம் உத்தரவு கேட்டான். மலையை விட்டு இறங்கினால் உயிர் போய்விடும், கோழியோடு வந்துகொண்டிரு, சளியை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றதாம் கல். அவள் அழுதாள், திட்டினாள். கோழிகள் போய்க்கொண்டே இருந்தன. கடைசிக் கோழியும் போனபின் பேச்சை நிறுத்திவிட்டு யோசித்தாள். எலி வளைக்குப் புகை போட்டுப் பழகிய கை அவளுடையது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே, சட்டியில் கங்கும் முந்தானையில் காய்ந்த மிளகாயும் கக்கத்தில் முறமுமாக வந்து நின்றாள்.

“இன்னாம்மா இது?” என்றார் சக்கரவர்த்தி.

“எவ்ளோ பேரு பாத்துட்டுப் போறாங்க. குள்ளருக்குக் கண்ணு பட்டிருக்கும் சாமி. சுத்திப் போடணுங்க.”

கூட்டம் ஆமாம் என்றது. சக்கரவர்த்தி விலகி வழிவிட்டார். திருஷ்டி என்று ஒன்று கிடையாது என்று சொல்லிவிட்டால், கண்ணு படாமலிருக்க அவர் விற்கும் தாயத்துத் தட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கல்லைச் சுற்றிவந்து, மிளகாயைக் கங்கில் கொட்டி, ஓட்டையருகே சட்டியை வைத்து முறத்தால் விசிறினாள்.

“நெடி ஏறலன்னா கண்ணு பட்டிருக்குன்னு அர்த்தம். ஏறுதான்னு பாப்போம்.”

ஏறியது. குள்ளர் கனைத்தார். தும்மினார். பிறகு, “மாமா, தார்ப்பாய அவுறு மாமா, கண்ணு போவுது” என்றார். யாரும் அவிழ்க்காததால் கிழித்துக்கொண்டு வந்தார். ஆறடி உயரம், கையில் பாதிப் புரோட்டா. சக்கரவர்த்தியின் மச்சான் கோகுல்ராஜ்.

குள்ளர் இத்தனை காலத்தில் வளர்ந்திருக்கலாம் இல்லையா என்று கூட்டத்தில் ஒருவர் மட்டும் மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

ரங்கசாமி, இருமுகிற கோகுல்ராஜையே பார்த்தான். “என் சளி உனுக்கு வந்துட்சா?”

“இது மொளகா நெடிண்ணா. நீ மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ.”

குள்ளர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

ரங்கசாமி வேலூரில் மாத்திரை வாங்கித் தின்று தேறி, சாமைக் கொல்லையில் நிற்கிறான். சக்கரவர்த்தி மலையிறங்கிவிட்டார், எங்கோ ஒரு புளியமரம் பேசத் தொடங்கியிருப்பதாகக் கேள்வி. கோகுல்ராஜ் அதே கல்லருகே டீ விற்கிறான். கூட்டம் இப்போது கையில் மிளகாயோடு அம்மாக்கண்ணு வீட்டுக்குக் குறி கேட்க வருகிறது. அவள் எல்லாருக்கும் ஒரே குறிதான் சொல்கிறாள்: “மொளகாய வூட்டுக் கொழம்புக்கு வெச்சிக்கினு, மண்டையில இருக்கறத கொஞ்சம் செலவு பண்ணுங்க.”