நாலு மணிக்கு மேல் வரும் நோய்

"சாவியை எங்க வச்சீங்க? எதுக்கு வந்தோம்னு மறந்து போச்சா? எதிர்ல நிக்கிறவர் மெதுவாப் பேசினா அவரை ரெண்டு அறை விடணும்னு தோணுதா?"

ஒலிபெருக்கி அலறிய அலறலில் ஊறுகாய்க் கடைக்காரரின் கரண்டி பீப்பாய்க்குள் விழுந்தது. ஷுப்ரா பேட்டையின் அந்தக் குறுகலான சந்துக்குள் பச்சை வேன் ஒன்று பின்பக்கமாக நுழைந்து நின்றது. டாக்டர் நஷாத் ஏழாவது நாளாக வந்துவிட்டார்.

டாக்டர் என்று வேனில் எழுதியிருந்தது. போதாக்குறைக்கு வெள்ளைக் கோட்டும் இருந்தது. போன வருஷம் வரை இதே வேனில் அவர் செல்போன் உறை விற்றதை அந்தக் கோட்டு மறைத்துவிட்டது. கோட்டுக்கு வேறென்ன வேலை?

நோன்பு மாதம். மணி நாலு. விடியுமுன் உண்டதோடு சரி. தண்ணீர் இல்லை, தேநீர் இல்லை, சிகரெட் இல்லை, தூக்கம் அறவே இல்லை. இனிப்புக் கடை வரிசையும் ரொட்டிக் கடை வரிசையும் கலைந்து வேன் வரிசையாக மாறின. ஆளுக்கு ஒரு தாள், தாளில் ஆறு கேள்வி, கேள்விக்கு நாலு மதிப்பெண். நம் நோயை நாமே கண்டுபிடித்துக்கொள்ளலாம், அவர் பணம் வாங்கிக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்திலும் தேறாத மினிபஸ் ஓட்டுநர் ஷஹாத் இருபத்து நாலுக்கு இருபத்து மூன்று எடுத்தார். தாளைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டே போனார்.

பெரியவர்களுக்கும் வரும் கவனக்குறைவு நோய் இது என்றார் டாக்டர். மேல்நாட்டுக்காரன் இதற்கு நாலெழுத்தில் பெயர் வைத்திருக்கிறானாம். உண்மையில் அது கவனத்தைத் திருடித் தின்னும் ஒரு ஜின் பூதமாம். மூளையில் ஜின் உட்கார்ந்திருப்பது பிற்பகல் அஸர் தொழுகைக்கும் சூரியன் மறைவதற்கும் இடையில்தான் துல்லியமாகத் தெரியுமாம். அதனால்தான் அவர் காலையிலும் வருவதில்லை, இருட்டிய பிறகும் இருப்பதில்லை. மருந்து, நீல மணி கோத்த ஒரு செம்பு வளையம். முந்நூற்றைம்பது பவுண்டு இன்றே கொடுக்க வேண்டும்; ஓதி முடித்த வளையம் நோன்புப் பெருநாள் கழிந்ததும் வரும்.

ஒரே ஒரு வளையம் மட்டும் ஏற்கெனவே ஒரு கையில் ஏறியிருந்தது. பஹீகாவின் கையில்.

பஹீகா சட்டைத் தொழிற்சாலையில் தையல்காரி. சின்ன வயசிலிருந்தே அவள் அப்படித்தான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போவாள், மாடியில் துணியைப் பாதி மடித்துவிட்டுக் கடைக்குப் போவாள், கடையில் நின்று எதற்கு வந்தோம் என்று யோசிப்பாள். போன மாதம் ஒரு கட்டுச் சட்டைக்கு இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். இன்னொரு தடவை நடந்தால் வீட்டோடு இருந்துகொள்ளலாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அதற்கு முன்பே அவள் அரசு மனநல மருத்துவமனையில் பெயர் கொடுத்து, மூன்று மாதம் காத்திருந்து, ஒரு சீட்டு வாங்கியிருந்தாள். சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். விட்டால் மறுபடி மூன்று மாதம்.

டாக்டர் நஷாத் முதல் நாளே அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டார். அவள் அழுத அழுகைக்கு, மாதிரிக்கு வைத்திருந்த வளையத்தைக் கழற்றிக் கொடுத்தார். இலவசமாக அல்ல. அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் வளையத்தின் சக்தி செத்துப்போகும், அதனால் வியாழக்கிழமை எல்லாருக்கும் முன்னால் சீட்டைக் கிழித்துப் போட வேண்டும் என்றார். இன்று வியாழன்.

பஹீகா சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். ஏழு நாளில் வளையம் கையைப் பச்சையாக்கியிருந்தது. வேறு மாற்றம் எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததும் தன் கவனக்குறைவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

சந்துமுனைக் காப்பிக் கடை மித்வல்லி பகலில் கடை திறப்பதில்லை. மூடிய கதவில் சாய்ந்து ஏழு நாளாக இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக இந்தச் சந்துக்குத் தேநீர் ஊற்றுகிறவர். தேநீர் குடிக்காத ஷஹாத் எப்படி இருப்பார், குடித்த ஷஹாத் எப்படி இருப்பார் என்று அவருக்கு மனப்பாடம். அவர் அன்று ஒரே ஒரு காரியம் செய்தார். ஏழை எளியவர் நோன்பு திறக்கச் சந்தில் போடும் நீள மேசைகளை ஒரு மணி நேரம் முன்னதாகவே போட்டார். சந்தின் குறுக்கே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை.

வரிசையில் பஹீகாவின் முறை வருமுன்பே சூரியன் இறங்கிவிட்டது; டாக்டர் வேனைக் கிளப்பினார். வேன் எங்கே போகும்?

"நோன்பு திறக்கிற நேரத்துல மேசையைத் தூக்கச் சொல்றது பாவம் இல்லையா டாக்டர்? உட்காருங்க. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றார் மித்வல்லி.

ஜின்னோடு சண்டை போடுகிறவர் சோற்றோடு சண்டை போட முடியுமா? உட்கார்ந்தார். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், புளிப் பானகம், பருப்புச் சூப்பு, சோறு என்று வரிசையாக வந்தன. அப்புறம் மித்வல்லி கடையைத் திறந்து, கறுப்புத் தேநீரைச் சீனி தூக்கலாகப் போட்டு ஆளுக்கு ஒரு கிளாஸ் கொடுத்தார். சந்தெல்லாம் சிகரெட் புகை. காலையிலிருந்து மூன்று பேரைத் திட்டியிருந்த ஷஹாத், அந்த மூன்று பேருக்கும் கத்தாயிஃப் இனிப்பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது மித்வல்லி, டாக்டரின் வேனிலிருந்தே எடுத்த வெற்றுத் தாள்களைக் கொடுத்துக்கொண்டு போனார். அதே ஆறு கேள்வி. இன்னொரு தடவை எழுதிப் பாருங்கள் என்றார்.

ஷஹாத்துக்கு நாலு வந்தது. ஊறுகாய்க் கடைக்காரருக்கு மூன்று. ரொட்டிக்காரர் மனைவிக்கு ஒன்று. அதுவும் புருஷனைப் பற்றிய கேள்வியாக நினைத்துப் போட்டது. சாயங்காலம் சந்து முழுக்க உட்கார்ந்திருந்த ஜின் தேநீர் வாசனைக்கே ஓடிப்போயிருந்தது.

டாக்டர் லேசுப்பட்டவர் இல்லை. எழுந்து இரண்டு கையையும் விரித்தார். "பார்த்தீங்களா என் வளையத்தோட மகிமையை. இவ்வளவு சீக்கிரம் குணம் தெரியும்னு நானே எதிர்பார்க்கலை."

"எந்த வளையம்?" என்றார் ஷஹாத். "பெருநாள் கழிச்சுல்ல தர்றேன்னீங்க?"

சந்து முழுக்க ஒரு கையைத் தவிர எல்லாக் கையும் வெறுங்கை. எல்லாரும் அந்த ஒரு கையைத் திரும்பிப் பார்த்தார்கள். பஹீகா நாலாவது கேள்வியில் பேனாவைத் தொலைத்துவிட்டு மேசைக்கடியில் தேடிக்கொண்டிருந்தாள். தாளின் ஓரத்தில் சூப்பு கொட்டியிருந்தது. மித்வல்லி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேள்விகளைப் படித்துக் காட்டி, கூட்டிப் போட்டார். இருபத்திரண்டு. முதல் நாள் நாலு மணிக்கும் அதுதான், இன்று வயிறு நிறைந்த பிறகும் அதுதான். வளையம் போடாதவர்கள் எல்லாரும் குணமாகிவிட்டார்கள். போட்டிருந்தவள் ஒருத்திதான் அப்படியே இருந்தாள்.

சிரிப்பு கிளம்பியது. பஹீகா சிரிக்கவில்லை. மடித்த சீட்டைப் பிரித்தாள். அதன் பின்புறத்திலும் இதே மாதிரி ஆறு கேள்வி இருந்தது. கேள்விகளுக்கு மேலே ஒரு வரி, வேனில் வந்த தாளில் இல்லாத வரி: கடந்த ஆறு மாதத்தை நினைத்துப் பதில் சொல்லவும். கீழே இன்னொரு வரி: இது நோயை முடிவு செய்யாது, மருத்துவரைப் பாருங்கள். தாளை நகல் எடுத்தவர் மேலேயும் கீழேயும் மட்டும் வெட்டியிருந்தார்.

இரண்டே வரி. ஆறு மாதத்தை அறுபது நிமிஷமாக்கினால் ஒரு நகரத்தையே நோயாளியாக்கலாம். ஏழு நாளும் கேள்விக்குப் பதில் எழுதியவர்களில் ஒருத்தர்கூட, இந்தக் கேள்வியை ஏன் இந்த நேரத்தில் மட்டும் கேட்கிறான் என்று திருப்பிக் கேட்கவில்லை. அதற்கு ஏழாவது கேள்வி என்று ஒன்று அச்சடித்துக் கொடுத்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

முன்பணம் கொடுத்தவர்கள் வேனைச் சூழ்ந்துகொண்டார்கள். மித்வல்லி அவர்களைக் கையமர்த்திவிட்டு பஹீகாவுக்கு வழி விட்டார். அவள் வளையத்தைக் கழற்றி டாக்டரின் தேநீர்க் கிளாஸ் பக்கத்தில் வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். உங்க வீட்டுல ஒருத்தருக்கு இப்படி இருந்தா நீங்க என்ன செய்வீங்க?"

நஷாத் கூட்டத்தைப் பார்த்தார். மேசைகளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். கோட்டின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டு, வேறு யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோலச் சொன்னார்:

"சனிக்கிழமை ஏழு மணிக்கே போயிடும்மா, அப்புறம் கூட்டமாயிடும். என் மகளை நான் அங்கதான் கூட்டிட்டுப் போறேன்."