மேட்டுப்பாளையத்தில் மெயின் ஆஃப்

மலையில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. மழை பலத்துவிட்டால், மண் சரிவதற்கு முன்பே மனசுக்குள் எல்லாம் சரிந்து முடிந்திருக்கும். எனக்கு அது கொஞ்சம் முற்றிய நிலை.

அரவேணுவில் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதுகிறேன். பக்கத்து டீ ஃபேக்டரியில் பச்சைத்தேயிலையை எடை போட்டுக் கணக்கு வைக்கும் புரோகிராம்தான் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. அதற்கு நான் எழுதிய கோடு முழுவதும் என் கம்ப்யூட்டரில் ஒரு ரெப்போவில் இருந்தது (கோடும் அதன் பழைய திருத்தங்களும் ஒன்றாகக் குடியிருக்கும் இடம்). வீடு சரிந்தால் என்ன ஆவது என்று தூக்கம் வராமல், மேட்டுப்பாளையத்தில் மாமனார் வீட்டு டிவி மேஜைக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தேன். அது மணிக்கொரு தரம் இன்டர்நெட் வழியாக என் கம்ப்யூட்டரை எட்டிப் பார்க்கும். இங்கே இருப்பதை அப்படியே அங்கேயும் ஆக்கிக்கொள்ளும். இங்கே அழித்தால் அங்கேயும் அழித்துவிடும். குப்பை சேரக்கூடாதாம், அதையும் நான்தான் மெனக்கெட்டு எழுதி வைத்திருந்தேன். (அறிவாளி!)

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் புரோகிராமை ஃபேக்டரியில் காட்டவேண்டும். மனைவி நஸீமா காலையிலேயே மேட்டுப்பாளையம் போய்விட்டாள். அவள் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். வேலை இருக்கிறது என்று நான் கழன்றுகொண்டேன். ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. சும்மா இருக்க மாட்டாமல் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தேன். சோதனைக்கு வைத்திருந்த ரெப்போ என்று நினைத்து அசலை அழித்தேன்.

மணியைப் பார்த்தேன். பெட்டி எட்டிப் பார்க்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நஸீமா போனை எடுக்கவில்லை, மாமாவும் எடுக்கவில்லை. வீட்டு லேண்ட்லைனுக்கு அடித்தேன். யாரோ எடுத்தார்கள், பேச்சு மட்டும் வரவில்லை. மாமி என்று புரிந்தது. எங்கள் குடும்பத்தில் மாமியார் மாப்பிள்ளையோடு நேரில் பேசுகிற வழக்கமில்லை. அவர் குரலை நான் கதவுக்கு அந்தப் பக்கமிருந்துதான் கேட்டிருக்கிறேன், அதுவும் எனக்கு இன்னும் கறி வைக்கச் சொல்லி மகளை விரட்டும்போது.

"மாமி, டிவிக்குக் கீழ ஒரு பெட்டி இருக்குதுங்கல்ல, அத ஆஃப் பண்ணுங்க. தெரியலீன்னா மெயினையே ஆஃப் பண்ணிருங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் போடக் கூடாதுங்க."

வளையல் சத்தம் கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டார்.

போட்டிருந்த ஸ்வெட்டரோடு பஸ் ஏறினேன். உட்கார முடியவில்லை. டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் பிரேக் போடாத இடங்களில் அவரைத் திட்டாமல் பாராட்டினேன். ஒரு கொண்டை ஊசி வளைவில்தான் எனக்கு உறைத்தது. என் வீட்டுக் கம்ப்யூட்டரை நான் நிறுத்தியிருந்தாலே போதும், எட்டிப் பார்க்கப் பெட்டிக்கு ஒன்றும் இருந்திருக்காது. பெட்டியின் ஒயரை மட்டும் உருவிவிட்டு மெயினைப் போடச் சொல்லலாம் என்று பதறிப்போய் போனை எடுத்தேன். அந்தப் பாதையில் சிக்னல் கிடையாது.

மேட்டுப்பாளையத்தில் மே மாத வெயில். ஹாலில் ஃபேன் ஓடவில்லை. மாப்பிள்ளைப் பையனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவனைப் பெற்ற அத்தா இனிப்புத் தட்டால் விசிறிக்கொண்டிருந்தார். மெயினைப் போடச் சொல்லி நஸீமா கெஞ்சியிருக்கிறாள், மாமா அதட்டியிருக்கிறார். மூத்த மாப்பிள்ளை வரட்டும் என்று மாமி மெயின் ஸ்விட்ச் முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஸ்வெட்டரோடு உள்ளே நுழைந்த நான், ஒருவருக்கும் சலாம்கூடச் சொல்லாமல் டிவி மேஜைக்கு அடியில் தவழ்ந்துபோய்ப் பெட்டியின் ஒயரை உருவி எடுத்தேன். (ரெப்போ பத்திரமாக இருந்தது. அதைக் கேட்டு நஸீமா மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.) வெளியே வரத்தான் மனமில்லை. ஒரு பெண்ணின் சம்பந்தத்தையே கெடுத்துவிட்டேன் என்று வெட்கத்தில் மேஜைக்கு அடியிலேயே கிடந்தேன். மேலே மாமா மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். பையனின் அம்மா அவரைப் பேசவிடவில்லை.

"ஏனுங்க, மூத்த மாப்பிள்ளை போன்ல ஒரு வார்த்தை சொன்னாருன்னு ஊடு மொத்தமும் வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்குது. எம் பையனுக்கு இந்த ஊட்டுலயே முடிச்சிருங்க."

கல்யாணம் நடந்தது. புரோகிராமும் ஃபேக்டரியில் ஓடுகிறது. மாமி மட்டும் இன்றுவரை என்னோடு பேசவில்லை. நான் லேண்ட்லைனுக்கு அடித்தால் எடுப்பார், மாமாவைக் கூப்பிடுவார், எனக்குக் கேட்கும்படியே சொல்வார்:

"மாப்பிள்ளைங்க. மெயினுகிட்டத்தான் நிக்கிறேன், ஆஃப் பண்றதான்னு கேளுங்க."