என் விரலைச் சிங்கம் கடித்த விவரம்

என்மீது எள்ளளவும் நம்பிக்கை இல்லாத, ஆனாலும் எனக்கு வாய்த்த ஒரே மச்சானுக்கு, உன் அக்காள் புருஷன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் நலம். உன் அக்காள் நலம். கடையில் நடு மெஷின் மட்டும் துணியைச் சுற்றாமல் தானே சுற்றுகிறது, மற்றவை நலம். அவ்விடம் உன் நலம், உன் வீட்டம்மாள் நலம், உன் முழங்கால் வலியின் நலம் ஆகியவற்றை அறிய ஆவல். போனில் பேசினால் நீ குறுக்கே பாய்வாய். கடிதம் என்றால் நான் முடிக்கிறவரை நீ வாயை மூடிக்கொண்டுதான் ஆகவேண்டும். அதனால் கடிதம்.

விஷயம் நீ ஆசைப்பட்டதுதான். மகனைப் பார்க்க வெளிநாடு போன கிழவன், சட்டை வெளுக்கப் போட்ட கடையிலேயே மாப்பிள்ளையாகி உட்கார்ந்துவிட்டான், அவனுக்கு ஆசை எங்க அக்கா மேல் இல்லை, அவளுடைய குடியுரிமை மேல்தான் என்று சொந்தபந்தம் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தாய் அல்லவா? அதே சந்தேகம் இந்த ஊர் சர்க்காருக்கும் வந்துவிட்டது. நீயும் அவர்களும் அச்சு அசலாக ஒரே மாதிரி யோசிக்கிறீர்கள், உனக்கு அங்கே ஒரு வேலை கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். சந்தேகம் தீர்ந்தால் எனக்குத் தங்கும் சீட்டு கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு சில வருஷம் வாலைச் சுருட்டிக்கொண்டு இருந்தால் பரீட்சை, அப்புறம் குடியுரிமை. தீராவிட்டால் நான் பெட்டி கட்டணும். உன் அக்காவால் கடையை விட்டுவிட்டு என் பின்னால் வர முடியாது. அவ்வளவுதான் சங்கதி.

முதலில், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரும் சேர்ந்திருக்கிற காகிதம் கொண்டுவா என்றார்கள். கரண்ட் ஆபீசுக்குப் போய், எனக்குத் தெரிந்த அரைகுறைப் பாஷையில், பில்லில் என் பெயரையும் சேருங்கள் என்று கேட்டேன். ஜன்னலுக்குள் இருந்தவன், "பெரியவரே, இங்க தங்குற சீட்டு இருக்கா?" என்றான். "அந்தச் சீட்டு வாங்கத்தான் தம்பி இந்த பில்லு." "அந்தச் சீட்டு இருந்தாத்தான் பெரியவரே இந்த பில்லு." நானும் அவனும் இதையே மாற்றி மாற்றிச் சொன்னதில் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. நான் நகரவில்லை. கதவைச் சாத்துகிறவரை நின்றேன், மறுநாளும் கதவைத் திறக்கும்போதே நின்றேன். கடைசியில் என் மூஞ்சியைப் பார்க்க முடியாமல் பெயரைச் சேர்த்துவிட்டான். இந்த மூஞ்சியால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சொன்னவன் நீ, ஞாபகம் வைத்துக்கொள்.

அடுத்தது போட்டோ. வேறு வேறு நாளில் சேர்ந்து எடுத்த படங்கள் வேண்டுமாம். எங்களிடம் இருந்தது ரிஜிஸ்தர் ஆபீசில் எடுத்த ஒன்றே ஒன்று, அதிலும் நான் தும்முகிறேன். எனக்கா வழி தெரியாது? கடையில் வெளுத்துத் தொங்குகிற ஊரார் துணி எவ்வளவு இருக்கிறது! துணிக்குச் சொந்தக்காரர்களிடம் கேட்டாகிவிட்டது என்று உன் அக்காவிடம் ஒரு வார்த்தையைப் போட்டுவைத்து, அவளையும் பக்கத்தில் நிறுத்தி, ஒரே மத்தியானத்தில் ஒரு கோட்டு, ஒரு பூப்போட்ட சட்டை, ஒரு கம்பளிச் சட்டை என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, வெயில் காலம் குளிர் காலம் எல்லாவற்றையும் போட்டோக் கடைக்குள்ளேயே முடித்துவிட்டேன். அந்தப் போட்டோக்கார மடையன் என்ன செய்தான் தெரியுமா? நான் கோட்டுப் போட்ட படம் ரொம்ப லட்சணம் என்று பெரிசாக்கிக் கடைவாசலில் மாட்டிவிட்டான். கோட்டுக்குச் சொந்தக்காரர் அந்தப் பக்கம் போனவர் நேரே நம்ம கடைக்கு வந்தார். "ஏம்மா, என் கோட்டு ரெடியா?" "நாளைக்குத் தேச்சுத் தரேன் சார்." "தேச்சு, போட்டு, சிரிச்சுக்கிட்டு நிக்குதேம்மா அங்க, உங்க வீட்டுக்காரர் மேல!" உன் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் இஸ்திரிப் பெட்டி இல்லாமலே என் சட்டைச் சுருக்கம் நிமிர்ந்துவிட்டது. படங்களையெல்லாம் கிழித்துக் குப்பையில் போட்டாள். "பொய்யைக் காட்டித்தான் உங்களை வச்சுக்கணும்னா எனக்கு அது வேண்டாம். தும்முற படமே போதும்."

பிறகு கைரேகை. பத்து விரலையும் கண்ணாடி மேல் வைக்கச் சொன்னார்கள். உனக்குத்தான் தெரியுமே, என் வலதுகை ஆள்காட்டி விரலில் மேல்கணு கிடையாது. மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. வை, எடு, மறுபடி வை. ரேகை எடுக்கிற பெண், "நல்லா அழுத்துங்க" என்றாள். "இல்லாததை எங்கம்மா அழுத்துறது?" "மெஷின் கேக்குதே." "வேணும்னா அதையே வந்து தேடிப் பார்க்கச் சொல்லு." அவள் மேலதிகாரியைக் கூப்பிட்டாள், அவர் அவருக்கு மேலே இருக்கிறவரைக் கூப்பிட்டார், பிள்ளை பெற்ற வீட்டில் தொட்டிலை எட்டிப் பார்க்கிற மாதிரி எல்லாரும் என் விரலைச் சூழ்ந்துகொண்டு பார்த்தார்கள். கடைசியில், விரல் குறைவு, காரணத்தை நேரில் விசாரிக்கவும் என்று எழுதிவிட்டார்கள். அதுதான் மச்சான், எனக்கு வைத்த வேட்டு.

இந்த இடத்துல உனக்கு ஒண்ணு சொல்லியாகணும். சர்க்கஸ்ல கரண்ட் வேலை பார்த்தப்ப, கூண்டுக்குள்ள பல்பு மாட்டப் போனேன், சிங்கம் கவ்விடுச்சுன்னு உன்கிட்டச் சொல்லியிருக்கேன் இல்லியா? சிங்கமும் கிடையாது, சர்க்கஸும் கிடையாது. ஒரு கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காரணும் என்று ஓடிப்போய் ஒரு மடக்கு நாற்காலியை விரித்தேன், அது என் விரலோடு சேர்ந்து மடங்கிவிட்டது. இதை எந்த ஆம்பளை வெளியில் சொல்வான்? உன் அக்கா முதல் முதலாக, "விரலுக்கு என்னங்க ஆச்சு?" என்று கேட்டபோது வாயில் சிங்கம் வந்துவிட்டது. வந்த சிங்கத்தைத் துரத்த முடியுமா? மாசா மாசம் அது வளர்ந்துகொண்டும் போனது. போன மாசம் அதற்குப் பிடரி இடுப்பு வரைக்கும் இருந்தது.

விசாரணைக்குப் போனோம். கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி, பக்கத்தில் நம்ம பாஷையை அவளுக்குச் சொல்ல ஒரு அம்மா. தனித்தனியாகக் கேட்பார்களாம். முதலில் நான். சத்தியம் வாங்கிக்கொண்டு, பொய் சொன்னால் காகிதம் அங்கேயே ரத்து என்றார்கள். போட்டோக் கிழிந்த ஞாபகம் வேறு. சரி, ஒரு நாளாவது யோக்கியனாக இருந்து பார்ப்போம் என்று மடக்கு நாற்காலியை அப்படியே சொல்லிவிட்டேன். வெளியே வரும்போது உன் அக்கா உள்ளே போகிறாள். பேசக்கூடாது. விரலைக் காட்டி, உட்கார்ந்து எழுந்து, வலி வந்தவன் மாதிரி முகத்தைச் சுளித்தும் காட்டினேன். மூல வியாதி என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, பாவமாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்தார்கள். "நீங்க நாற்காலிங்கறீங்க, உங்க மனைவி சிங்கம்ங்கறாங்க. ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்கீங்களா?" நான் முந்திக்கிட்டேன் மச்சான். "அம்மா, நாற்காலிதான் நிஜம். சிங்கம் நான் இவகிட்ட விட்ட கதை." "மனைவிகிட்டயே பொய் சொல்வீங்களா?" "வேற யாரும்மா அதைப் பொறுமையாக் கேப்பாங்க?" பாஷை சொல்கிற அம்மா இதைச் சொல்லலாமா விழுங்கிவிடலாமா என்று என்னை முறைத்தாள். அதிகாரி உன் அக்கா பக்கம் திரும்பினாள். "அப்ப இத்தனை நாளா நீங்க ஏமாந்திருக்கீங்களா?" உன் அக்கா கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டு, "நாற்காலின்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. "கடையில வர்றவங்க உட்கார மடக்கு நாற்காலிதான் போட்டிருந்தேன். இவரு உட்காரவே மாட்டாரு. கால் வலிச்சாலும் சுவத்துல சாஞ்சுக்கிட்டு நிப்பாரு. யாராவது நாற்காலியை மடக்கினா, சத்தம் கேட்டதும் கையைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்குவாரு. சிங்கம் கடிச்ச ஆளு நாற்காலிக்கு எதுக்குங்க பயப்படணும்? எல்லாத்தையும் பக்கத்துக் கடைக்குத் தூக்கிக் கொடுத்துட்டு ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டேன்." மச்சான், அந்தப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்துதான் நான் அவளுக்குச் சிங்கக் கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எதற்குப் பெஞ்சு என்று அன்றைக்குக் கேட்டதற்கு, நாற்காலி இடத்தை அடைக்குது என்றாள். நானும் நம்பினேன். ஊரை ஏமாத்துறவன் நான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன், எனக்கு மேல ஒருத்தி கல்லாவுல உட்கார்ந்திருக்கா.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் எங்ககிட்ட சிங்கம்னு சொன்னீங்க?" "அவரு உள்ள வந்து என்ன சொன்னாருன்னு எனக்கென்ன தெரியும்? சிங்கம்னு சொல்லியிருந்தா, நான் வந்து நாற்காலின்னு காட்டிக் கொடுக்கவா? பொண்டாட்டி செய்யற வேலையாங்க அது?" போட்டோவைக் கிழித்த அதே உன் அக்காதான். பாஷை சொல்கிற அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதைச் சொன்னாள். அதிகாரி மட்டும் இளகவில்லை. நெடுநேரம் எழுதினாள். "சத்தியம் பண்ணிட்டு தெரிஞ்சே மாத்திச் சொல்லியிருக்காங்க. அதை நான் எழுதித்தான் ஆகணும். முடிவு தபால்ல வரும்" என்று எழுந்துவிட்டாள். பஸ் ஏறித் திரும்பினோம். இறங்குகிற இடம் வந்ததும் உன் அக்கா, "இன்னொரு வாட்டி கூப்பிட்டா, உள்ள போறதுக்கு முன்னாடியே எந்த மிருகம்னு பேசி வச்சுக்கணும்" என்றாள்.

ஆகவே மச்சான், உனக்குத் தெரிவிப்பது என்னவென்றால், நான் பெட்டி கட்டப் போவதில்லை. முடியாது என்று தபால் வந்தால் மறுபடி மனுப் போடுவேன், அதற்கும் முடியாது என்றால் அதற்கு மேலே யார் இருக்கிறார்களோ அவர்கள் ஜன்னலுக்கு முன்னால் போய் இந்த மூஞ்சியோடு நிற்பேன். குடியுரிமைப் பரீட்சைக்கு இப்போதே படிக்கிறேன். உன் அக்கா தேய்த்துக்கொண்டே கேள்வி கேட்கிறாள், தப்பாகச் சொன்னால் ஒரு படுக்கை விரிப்பு மடிக்கணும். மந்திரிசபையைப் பற்றி எனக்கு இன்னும் பிடிபடவில்லை, ஆனால் ஊரில் உள்ள விரிப்பெல்லாம் மடித்தாகிவிட்டது. உன் சிபாரிசு எங்களுக்குத் தேவையில்லை. நீ வரவும் வேண்டாம், ஒரு வரி எழுதவும் வேண்டாம். வயசில் மூத்தவன் என்கிற ஒரே தகுதியில் உனக்கும் உன் வீட்டம்மாளுக்கும் என் ஆசிகள். பிள்ளைகளுக்கு முத்தங்கள். முழங்காலுக்கு ஆறுதல்.

இப்படிக்கு,
உன் அக்காளின் இரண்டாவதும் கடைசியுமான புருஷன்.

பி.கு: எழுத வேண்டாம் என்று எழுதிய இடத்தை அடித்துவிட்டுப் படி. உறையை ஒட்டப்போற நேரத்துல தபால் வந்துடுச்சு. முடிவு சொல்லலை, இன்னும் ஒரு காகிதம் கேக்குறாங்க. மனைவியோட ரத்த சொந்தம் ஒருத்தர், இந்தக் கல்யாணத்தைப் பத்தித் தனக்குத் தெரிஞ்சதை எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பணுமாம். அவளுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா? அந்தப் பாஷை சொல்ற அம்மாவுக்குப் போன் போட்டு, "அவன் எங்களைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை எழுத மாட்டானே"ன்னு அழாத குறையாக் கேட்டேன். "நல்ல வார்த்தையா எழுதி வர்ற காகிதம் அங்க மூட்டை மூட்டையாக் கிடக்குங்க. அவரை நடந்ததை எழுதச் சொல்லுங்க"ன்னாங்க. அதனால மச்சான், நடந்ததை எழுது. கல்யாணத்தை நிறுத்த நீ போட்ட கூச்சல், நானா அந்தக் கிழவனான்னு நீ அக்காவைக் கேட்டது, அவ பதில் சொல்லாம போனை வச்சது, அன்னைலேர்ந்து உன் குரலைக் கேக்காம அவ இருக்கறது, எல்லாத்தையும் எழுது. ஒட்டுப்புல்லு, ஓசிச்சோறு, அப்புறம் பொம்பளைங்க முன்னாடி சொல்லக்கூடாத அந்த இன்னொண்ணு, என்னை நீ வச்ச பேரு ஒண்ணையும் விட்டுடாதே. வெறும் காகிதத்துக்காக வந்தவன் இவ்வளவு ஏச்சையும் வாங்கிக்கிட்டு விரிப்பு மடிச்சுக்கிட்டு இருக்க மாட்டான்னு அந்தக் கண்ணாடிக்காரிக்கு நீ சொன்னாத்தான் உறைக்கும். உன் அக்கா பக்கத்துல நின்னு, "கெஞ்சாதீங்க"ங்கறா. நான் எங்க கெஞ்சறேன்? என் வயசுக்கெல்லாம் மரியாதை பாக்காதே, தாராளமா எழுது. ஒரு திட்டு குறைஞ்சாலும் எங்களைப் பிரிச்சிடுவாங்க.