மாப்பிள்ளை தந்த போனும் நாற்பது இடது தோள்களும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். சுகம் என்பது கடிதத்தில் எழுதியாக வேண்டுமே என்று எழுதுவது. உங்கள் அத்தை சுகம், என் கழுத்து சுகமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். பேத்திக்கு முன்பல் விழுந்ததைப் போனில் பார்த்தோம். நீங்கள் அனுப்பிய போனில் அந்த ஓட்டை ஒரு ஜன்னல் அளவுக்குத் தெரிந்தது. உங்கள் அத்தை உள்ளே எட்டிப் பார்த்து, குழந்தை காலையில் சாப்பிட்டாளா இல்லையா என்று கண்டுபிடித்துவிட்டாள்.

போனையே அனுப்பிவைத்திருக்கிறேனே, கூப்பிட்டுப் பேசாமல் இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். ஆனால் அந்தப் போனைக் காதில் வைத்தால் வாய் இருக்கும் இடத்துக்கு அது தாடையைத் தாண்டிப் போய்விடுகிறது. வாய்க்கு நேராகப் பிடித்தால் காது காற்று வாங்குகிறது. நடுவில் கன்னம் பட்டு அதுவாகவே யாரையாவது கூப்பிட்டுவிடுகிறது. போன வாரம் உங்களைக் கூப்பிடப் போய், என் கன்னம் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டுவிட்டது. அவர்கள் "எங்கே தீ?" என்று கேட்க, நான் உங்கள் குரல் என்று நினைத்து, "எல்லாம் உங்க புண்ணியத்துல நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றேன். மேலும், நான் சொல்லப் போகும் விஷயம் அத்தையின் காதில் விழக் கூடாது. அந்தப் போனில் பேசினால் பக்கத்துத் தெருவுக்கே கேட்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

போன மாதம் உங்கள் பார்சல் வந்தபோது, குடும்பப் படத்தைக் கண்ணாடி போட்டு அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைத்து மாட்டுவதற்கு ஆணி தேடினேன். பிரித்துப் பார்த்தால் போன். உங்கள் அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. "மாப்பிள்ளை நம்மளை எந்த உசரத்துல வச்சிருக்கார் பாத்தீங்களா?" என்று சொல்லி, ஒன்பது வருஷமாக என்னோடு இருந்த பழைய போனை வாசலில் வந்த பழைய சாமான்காரரிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் முறம் வாங்கிவிட்டாள். புதுப் போனில் கீறல் விழுந்தால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அதற்குத் தடித்த உறை ஒன்று, உறையில் கீறல் விழாமலிருக்க அதற்கு மேல் இன்னொன்று. எல்லாம் போட்ட பிறகு எடை போட்டுப் பார்த்தேன். என் கடைக் கத்தரியை விடக் கொஞ்சம் கூடுதல்.

மாப்பிள்ளை, நான் முப்பத்தாறு வருஷமாகச் சட்டை தைப்பவன். என் கடையில் சட்டைப் பை என்றால் நாலரை இஞ்ச் அகலம், ஐந்தேகால் ஆழம். ஒரு பேனா, ஒரு மூக்குக் கண்ணாடி, மடித்த காகிதம் நாலு, இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு நெஞ்சுக்குப் பக்கத்தில் என்ன வேண்டிக்கிடக்கிறது? உங்கள் போன் அந்தப் பைக்குள் பாதி இறங்கி, மீதி வெளியே நின்று என் மோவாயை முட்டியது. குனிந்தால் விழுந்தது. தையல்காரனுக்குக் குனியாமல் பிழைப்பு ஏது? முதல் நாள் இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் கிண்ணத்தில் விழுந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை, கிண்ணம் உடைந்தது. இரண்டாம் நாள் ஒரு தலைமை ஆசிரியருக்கு முட்டி போட்டுக் கால்சட்டை அளவு எடுக்கும்போது அவர் கட்டைவிரலில் விழுந்தது. அவர் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு கத்தினார். தூக்கிய காலை அளப்பது எனக்கு வசதியாக இருந்தது என்பது வேறு விஷயம். கால்சட்டைப் பையில் வைத்தால் மிஷினில் உட்கார முடியவில்லை. உங்கள் அத்தை துணிப்பை தைத்துக் கழுத்தில் தொங்கவிடச் சொன்னாள். தொங்கவிட்டேன். பையின் ஓரம் ஊசிக்கு அடியில் போய், ஒரு வாடிக்கையாளரின் சட்டைக் கையோடு நானும் சேர்ந்து தைக்கப்பட்டுவிட்டேன். கடையில் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கும் அம்மா வந்து என்னைப் பிரித்துவிட்டார்.

கடைசியில் என் சட்டைகளிலெல்லாம் ஏழரை இஞ்ச் ஆழத்துக்கு இரட்டைத் தையல் போட்டு இடது பக்கம் புதிதாகப் பை வைத்தேன். போன் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அப்பாடா என்று இருந்தது. அன்றைக்குப் பிடித்தது சனியன். (போனைச் சொல்லவில்லை மாப்பிள்ளை, நேரத்தைச் சொல்கிறேன்.)

அது என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் இழுத்துக்கொண்டே போயிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. தெருவில் போனால், "என்ன மாஸ்டர், யார் வீட்டு ஜன்னலை எட்டிப் பாக்குறீங்க?" என்று கேட்டார்கள். கிண்டல் என்று விட்டுவிட்டேன். வீட்டுச் சுவரில் படங்கள், காலண்டர் எல்லாம் கோணலாக இருப்பதாகத் தோன்றியது. ஒரு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் நேராக்கினேன். உங்கள் அத்தை வந்து பார்த்துவிட்டு, "இத்தனை நாள் ஒழுங்காத்தானே இருந்துச்சு, ஏன் எல்லாத்தையும் சாச்சு வச்சிருக்கீங்க?" என்றாள். அவளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று முடிவு செய்து கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் அவளை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் பஸ் கம்பெனி வேலை வந்தது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். கடையில் இரண்டு மிஷின் ஒரு வருஷமாகத் துணி மூடிக் கிடக்கிறது. எல்லோரும் ரெடிமேடுக்குப் போய்விட்டார்கள். பஸ் கம்பெனியின் ஸ்டோர் அதிகாரி, முதலில் நாற்பது டிரைவர்களுக்குத் தைத்துக் கொடுங்கள், சரியாக இருந்தால் கம்பெனி முழுக்க இனி உங்கள் தையல்தான், இல்லையென்றால் நாங்களும் ரெடிமேடு என்று சொல்லிவிட்டார். அதாவது மாப்பிள்ளை, இந்த நாற்பது சட்டை சரியாக அமைந்தால் கடை உண்டு, இல்லாவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

நாற்பது பேரையும் வரிசையாக நிற்க வைத்து எதிரில் நின்று அளவு எடுத்தேன். நான் சொல்லச் சொல்லக் காஜா எடுக்கும் அம்மா நோட்டில் எழுதினார். இருபது பேர் ஆனதும் பென்சிலை நிறுத்தினார்.

"மாஸ்டர், எல்லாருக்கும் இடது தோள் அரை இஞ்ச் இறக்கம்னே சொல்றீங்களே?"

"இருந்தா சொல்லித்தானே ஆகணும்."

"இருபது பேருக்குமா? எனக்கு நேராத்தான் தெரியுது."

"டிரைவருங்கம்மா. ஜன்னல்ல கைய வச்சு வச்சு அப்படி ஆயிருக்கும். இது தொழில் தெரிஞ்சவன் கண்ணுக்குத்தான் தெரியும், எழுது."

எழுதினார். நாற்பதுக்கும் அரை இஞ்ச் இறக்கி வெட்டினேன், தைத்தேன். இரண்டு வாரம் முதுகு ஒடிய வேலை. அதன் பிறகு நேற்று மிஷின் மெக்கானிக் எண்ணெய் போட வந்தார். ஹேங்கரில் தொங்கிய நாற்பதையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சட்டைகளைப் பார்த்தார்.

"மாஸ்டர், உங்களுக்கும் சட்டைக்கும் ஒரே அளவா சாஞ்சிருக்கே?"

கண்ணாடி முன்னால் நிறுத்தினார். கண்ணாடி கோணல் என்றேன். அவர் என் பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணாடி தானாக நேரானது. திரும்பி நாற்பது சட்டையையும் பார்த்தேன். ஒன்று விடாமல் அத்தனையும் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கின. ஒரு சட்டையை எடுத்துத் தோளைப் பிரிக்கப் போனேன், மாப்பிள்ளை. தோளைப் பிரித்தால் காலரைப் பிரிக்க வேண்டும், காலரைப் பிரித்தால் கையைப் பிரிக்க வேண்டும். திங்கட்கிழமை காலை கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். இன்று சனிக்கிழமை. ஒன்றும் செய்வதற்கில்லை. அந்த மனுஷர் என் கடையில் இருந்த ஸ்டூலில் என்னை உட்கார வைத்து, ஆறுதலுக்காகத் தன் போனைக் கையில் கொடுத்தார்.

அந்தப் போனைப் பற்றி என்ன சொல்வேன்! என் உள்ளங்கையைத் தாண்டவில்லை. விரலை மடக்கினால் உள்ளே மறைந்துபோனது. கட்டைவிரல் ஒன்றே நாலு மூலைக்கும் போய்வந்தது. எட்டிப் பிடிப்பது, நழுவுவது, இரண்டாவது கையைக் கூப்பிடுவது, ஒன்றும் கிடையாது. காதில் வைத்தால் வாயும் அங்கேயே இருக்கிறது. நாலரை இஞ்ச் பைக்குள் போட்டேன். போட்டதே தெரியவில்லை. குனிந்தேன், எழுந்தேன், முட்டி போட்டேன், மிஷினில் உட்கார்ந்து மிதித்தேன். அது பாட்டுக்குச் சமர்த்தாக இருந்தது. பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பேசலாமாம். படுத்துக்கொண்டு பார்க்கும்போது மூஞ்சியில் விழுந்தாலும் மூக்கு உடையாதாம். மெக்கானிக் சொன்னார். "போன்னா வேணுங்கிறப்ப கைக்கு வரணும் மாஸ்டர், மத்த நேரம் அது இருக்கிறதே தெரியக் கூடாது" என்றார். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது கூட நான் இவ்வளவு நேரம் கண் எடுக்காமல் பார்க்கவில்லை.

சிம்மைக் கழற்றித் திங்கட்கிழமை வரைக்கும் இருவரும் போனை மாற்றிக்கொண்டோம். வீட்டுக்கு நிமிர்ந்து நடந்து போனேன். உங்கள் அத்தை என்னைப் பார்த்ததும், "எதுக்கு இப்படி விறைப்பா வர்றீங்க? யார்கூட சண்டை?" என்றாள். போனைக் காட்டினேன். அவ்வளவுதான்.

"மாப்பிள்ளை ஆசையா வாங்கிக் குடுத்ததை ஊரானுக்குத் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிறீங்களே! பொண்ணு நம்ம முகத்துல முழிப்பாளா?"

"கழுத்து போச்சுடி. கடையும் போகப் போகுது."

"கழுத்தை அந்தப் பக்கம் சாச்சுக்கோங்க, சரியாப் போயிடும்."

பிறகு அந்தச் சின்னப் போனில் நம் பேத்தியின் படத்தைப் பார்த்தாள். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "குழந்தை ரொம்ப தூரத்துல இருக்கிற மாதிரி இருக்கு" என்றாள். குழந்தை தூரத்தில்தான் இருக்கிறாள், மாப்பிள்ளை. எனக்கும் அவளைப் பெரிதாகப் பார்க்க ஆசைதான். அந்தப் பெரிய போனை வீட்டில் ஒரு மேஜை மேல் நிறுத்தி உங்கள் அத்தைக்குக் கொடுத்துவிடலாம், என் சட்டைப் பைக்கு ஒரு சின்னப் போன் இருந்தால் போதும் என்பதே என் வேண்டுகோள். நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள், நீங்கள் சொன்னால் மறுபேச்சு இருக்காது. நான் கடிதம் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாமல், நீங்களாகவே யோசித்தது போல, "அத்தை, மாமாவுக்குக் கைக்கு அடக்கமா ஒண்ணு வாங்கிக்கச் சொல்லுங்க" என்று ஒரே ஒரு வார்த்தை போட்டுவையுங்கள். திங்கட்கிழமை கடை போய்விட்டாலும், மிச்சமிருக்கும் காலத்தை நேராகவாவது கழிப்பேன்.

உங்களுக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். நீங்கள் மூவரும் எல்லா வளமும் பெற்று, கழுத்து வலி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். பேத்திக்கு என் முத்தங்கள். புதுப் பல் முளைத்ததும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
நேற்று வரை சாய்ந்திருந்து, இன்று நிமிர்ந்த நிலையில் எழுதும்
உங்கள் மாமா

பி.கு. (திங்கட்கிழமை மத்தியானம். கடிதத்தை நேற்றே ஒட்டிவிட்டதால் இதை உறையின் பின்பக்கம் எழுதுகிறேன். பிரிப்பதற்கு முன் இதைப் படிக்கவும். தபால்காரர் படித்தாலும் பரவாயில்லை.)

சட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் டிரைவர்கள் போட்டுக்கொண்டுவிட்டார்கள். நாற்பது பேருக்கும் அச்சில் வார்த்தது போலப் பொருந்தியது. பஸ் எங்கே போகிறது என்று பார்ப்பதற்காகப் போன வாரம் கம்பெனி எல்லா டிரைவருக்கும் ஆளுக்கொரு போன் கொடுத்திருக்கிறதாம். நீங்கள் அனுப்பியதற்கு அண்ணன். இடது பையில்தான் வைக்க வேண்டும் என்பது உத்தரவு. பையில் முழுதாக இறங்கவில்லையே என்றேன். "தலை வெளியே தெரிஞ்சாத்தான் வச்சிருக்கானா இல்லையான்னு எங்களுக்குத் தெரியும்" என்றார் ஸ்டோர் அதிகாரி. "நீங்க அளவெடுத்தப்ப போனே வரலையே மாஸ்டர், எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அனுபவம் என்று சொல்லிவைத்தேன். கண்டக்டர்கள், செக்கர்கள் இருநூறு பேருக்கும் அதே போன், என்னுடைய அதே தையல். நாளைக்கே அளவு எடுக்க வேண்டும். நேராக நின்று எடுத்தால் அத்தனையும் பாழ்.

ஆகையால் உள்ளே உள்ள கடிதத்தைப் பிரிக்காமலே கிழித்துவிடவும். அத்தையிடம் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். மெக்கானிக்கிடமிருந்து உங்கள் போனைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அவரும் நல்ல மனுஷர், ஞாயிற்றுக்கிழமை கடை லீவு என்பதால் அன்று ஒரு நாள் மட்டும் தன் போனை எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வாரத்தில் ஒரு நாள் நிமிர்ந்து நடந்துகொள்கிறேன், மாப்பிள்ளை. எனக்கு அது போதும்.