ரப்பரை உரித்த விவரம்

ஆம்பூர்,
வெள்ளிக்கிழமை பிற்பகல், 1934

ஆயுளும் ஆரோக்கியமும் பெருகி, கடவுள் சித்தமிருந்தால் எனக்கு மருமகனாகவும் ஆகப்போகிற சிரஞ்சீவி பச்சையப்பனுக்கு, தோல் பதனிடும் ஷாப்பு குமாஸ்தா காசிநாதன் எழுதுவது. இங்கே டெலிபோன் கம்பியைத் தவிர அனைவரும் சுகம்.

பெண் பார்க்க வந்த அன்று, பஜார் மண்டிக்கும் எங்கள் ஷாப்புக்கும் நடுவே ஓடும் ஒரு மைல் கம்பியைப் பராமரிப்பவர் நீங்கள் என்பதால் பேச்சு அதிலேயே போனது. "வெறுங்கம்பின்னா பேச்சு அலை வேகமா போவும். மேல ரப்பர் சுத்தினா வேகம் மூணுல ஒரு பங்கு கம்மியாயிடும்" என்றீர்கள். பிறகு சொன்னது எனக்குத் தெரியாது. காபி எடுத்துவர உள்ளே போய்விட்டேன். புறப்படும்போது, சம்மதமா இல்லையா என்பதை வெள்ளிக்கிழமை மண்டியிலிருந்து கம்பியைச் சோதிக்கும்போது, பத்து இருபத்தைந்துக்கு, டெலிபோனில் சொல்வதாகச் சொன்னீர்கள். பத்தரைக்கு ராகு காலம்! உங்கள் சம்மதம் ரப்பருக்குள் நுழைந்து சாவகாசமாக வருவதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டால் பெண்ணைப் பெற்றவன் கதி என்ன?

காலையிலேயே ஷாப்பு வேலையாள் வேலாயுதத்திடம் தோல் சீவும் கத்தியை வாங்கி, ஷாப்பின் பின்புறம் எட்டிய மட்டும் இரண்டு கம்பியிலும் ரப்பரை உரித்தேன், கை கொப்பளித்தாலும் மனசு குளிர்ந்தது, முகம் கழுவித் திரும்புவதற்குள் வேலாயுதம் அதைத் தோல் காயப்போடும் கொடி என்று நினைத்து நாற்பது ஈர ஆட்டுத்தோலைப் போட்டுவிட்டான், பாரம் தாங்காமல் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, பத்து இருபத்தைந்துக்கு டெலிபோன் மணி அரை முனகலோடு நின்றது, நான் குழலைக் காதில் வைத்து "மாப்ளே, சொல்லுங்க, சொல்லுங்க" என்று கத்தினேன், கரகரவென்ற சத்தம்தான். திரும்பினால் முதலாளி அப்துல் வஹீத் சாயபு.

"இன்னா காசிநாதா, தோல் ஷாப்புல வேலைன்னா கண்டதையெல்லாம் உரிச்சிடுவியா? பேஜார் பண்ணிட்டியே! ஒரு மைலுக்கு ரப்பர் எவ்ளோ தாமதம் பண்ணும்? கண்ணு இமைக்கிற நேரத்துல லட்சத்துல ஒரு பங்குன்னு அந்தப் பச்சையப்பன் எங்கிட்டயே சொல்லிக்கீறான்!"

நீங்களே வந்து கம்பியைப் பழுதுபார்க்க வேண்டியிருக்கும். கோபத்தை என் மேல் காட்டுங்கள், பெண் மேல் காட்டிவிடாதீர்கள். அமிர்தவள்ளிக்கு என் புத்தி கொஞ்சமும் வரவில்லை. நீங்கள் சொன்னது சம்மதமா, இல்லையா? எனக்குப் பயமாக இருக்கிறது, சோறு இறங்கவில்லை. நல்ல நேரம் பார்த்துப் பதில் எழுதவும்.

தாயாருக்கு என் நமஸ்காரம். எப்படியாயினும் நூறு வயது நன்றாக இருக்க வாழ்த்தும்,
காசிநாதன்

பி.கு.: இதைக் கொடுத்தனுப்ப ஆள் தேடும்போது அமிர்தவள்ளி வந்து, "வேணாம்பா. ஒரு மைலுதானே, நானே மண்டிக்கு நடந்து போய்க் கேட்டுட்டேன். சரின்னுட்டாரு" என்றாள். "எத்தனை மணிக்குடி?" என்றேன். "பதினொண்ணு இருக்கும்" என்றாள். சுத்தமான ராகு காலம். நான் மணி கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், மாப்பிள்ளை.