அத்திபெலே அண்ணன்

"இந்த ஜெர்கின் யாருது, தாரணி?"

மொட்டை மாடியில் துணி காயப்போட வந்த வீட்டுக்காரம்மா வனஜா, கொடியில் தொங்கிய கறுப்பு ஜெர்கினைப் பார்த்துக் கேட்டாள்.

"அண்ணனுதுக்கா" என்றாள் தாரணி.

தாரணிக்கு அண்ணன் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்பு வரை, தினேஷ் என்ற பெயரில் அவளே மாட்டிக்கொண்டு திரிந்த ஜெர்கின் அது. ஆபரேஷனும் மாத்திரையும் போக மிஞ்சியதில் நாலு சுடிதாரும் இரண்டு புடவையும்தான் வாங்க முடிந்தது. குளிருக்கென்று ஒன்றும் இல்லை. டிசம்பர் மாசம் காலை ஐந்தரைக்குக் கேண்டீன் வேலைக்குக் கிளம்பினால் பல் தந்தியடிக்கிறது. சரி என்று ஜெர்கினைப் போட்டால், கண்ணாடியில் பழைய தினேஷ் வந்து நிற்கிறான்.

பெங்களூர் ஈஜிபுராவில் இந்த மாடி அறை கிடைப்பதற்குள் பதினோரு வீட்டில் கதவைச் சாத்தியிருந்தார்கள். விஷயம் தெரிந்தால் இதுவும் போய்விடும். அந்தப் பயத்தில்தான் அண்ணன் பிறந்தான்.

ஜெர்கினை ஒழித்துக்கட்ட நடைபாதைக் கடையில் ஸ்வெட்டர் தேடினாள். பெண்களுக்கு ஸ்வெட்டர் செய்கிறவர்கள் தாரணியின் தோளை எதிர்பார்க்கவே இல்லை போலிருக்கிறது. தோளுக்குச் சரியானது இடுப்பில் கோணிப்பையாகத் தொங்கியது. இடுப்புக்குச் சரியானதில் கை நுழையவில்லை. அடம்பிடித்து நூற்றைம்பது ரூபாய்க்கு ஒன்றை வாங்கினாள். மூன்றாம் நாள் இட்லித் தட்டைத் தூக்கும்போது அது அக்குளில் டர்ரென்று கிழிந்தது. மறுபடி ஜெர்கின்தான்.

வனஜா தன் சால்வையைக் கொடுத்துப் பார்த்தாள். குளிரே தெரியவில்லை என்று நடுங்கிக்கொண்டே சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள் தாரணி. யாரிடமும் எதையும் வாங்கிப் பழக்கமில்லை.

"உங்க அண்ணனுக்கு ஜெர்கின் வேணாமா? எங்க இருக்காரு?" என்று இன்னொரு நாள் கேட்டாள் வனஜா.

ஊருக்கு வெளியே அத்திபெலேயில் கம்பெனி வேலை, கல்யாணம்கூட ஆகவில்லை, லீவே கிடைக்காது, அதனால் இந்தப் பக்கம் வரமாட்டான் என்று தாரணி பேச்சுக்குக் கதவை அடைத்தாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள். கம்பெனி வேலை, கல்யாணமாகாத பையன் என்றதும் வனஜா முகத்தில் பல்பு எரிந்தது.

"எங்க அக்கா பொண்ணு வீணா இருக்கா."

வீணா பி.காம்., நர்சிங்கும் முடித்திருக்கிறாள், சமையலில் கெட்டிக்காரி, அதிர்ந்து பேசமாட்டாள். இவ்வளவு நல்ல பெண்ணை இல்லாத ஆளுக்கா கட்டிக் கொடுப்பது? தாரணி அண்ணன் குடிப்பான் என்றாள். வீணா திருத்திவிடுவாள் என்றாள் வனஜா. அண்ணனும் தன்னைப் போலத்தான், தோள் அகலம், பார்க்க நன்றாக இருக்காது என்றாள் தாரணி. அதற்கு வனஜா டேப்பை எடுத்து வந்துவிட்டாள்.

"மாப்பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னணும். உன்ன மாதிரிதானே இருப்பாரு? ஸ்வல்ப நில்லு, கொஞ்ச நேரம்தான்."

தோளில் டேப் விழுந்ததும் தாரணிக்கு உடம்பு கூசியது. இந்த அளவைப் பக்கத்துக் கடைக்கே கேட்கிற மாதிரி சொல்லிச் சிரித்த டெய்லர்கள் உண்டு. வனஜா சிரிக்கவில்லை. பதினெட்டு என்று காலண்டர் ஓரத்தில் எழுதிக்கொண்டு, மார்பையும் இடுப்பையும் நிதானமாக அளந்தாள். அண்ணனுக்கு அவ்வளவு துல்லியம் எதற்கு என்று கேட்க தாரணிக்கு அப்போது தோன்றவில்லை. பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்வதே பெரும் வேலையாக இருந்தது.

அடுத்த ஞாயிறு எல்லோரும் அத்திபெலே போவதென்று முடிவானது. வனஜாவின் கணவர் உத்தமன் ஆட்டோவைக் கழுவி நிறுத்தினார். பூவும் பழமும் வந்தன. முகம் தெரியாத வீணா பட்டுப் புடவையில் காத்திருப்பதை நினைத்து தாரணிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தாள்.

"அக்கா, அத்திபெலேல யாரும் இல்ல. எனக்கு அண்ணனே கிடையாது. தினேஷ்னு இருந்தது நான்தான்." அறைச் சாவியை மேஜையில் வைத்தாள். "ரூம இன்னிக்கே காலி பண்ணிடறேன்."

வனஜா உள்ளே போய் ஒரு ஸ்வெட்டரோடு வந்தாள். மெரூன் நிறம். தோள் நல்ல அகலம். இடுப்பில் அளவாக ஒடுங்கி, கழுத்தைச் சுற்றிக் குட்டி வெள்ளைப் பூக்கள்.

"போட்டுப் பாரு."

போட்டாள். கையைத் தூக்கினாள், எங்கேயும் பிடிக்கவில்லை. கதகதப்பாக இருந்தது. ஹாலில் இருந்த கண்ணாடியில் தாரணி மட்டும்தான் தெரிந்தாள். அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையிலும் வீணா ஞாபகம் உறுத்தியது.

"அந்தப் பொண்ணு பாவம்க்கா. உங்க அக்காகிட்ட என்ன சொல்லுவீங்க?"

வனஜா அவசரமாக ஊசியையும் நூலையும் எடுத்து வைக்க ஆரம்பித்தாள். வாசலில் ஆட்டோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த உத்தமன்தான் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"எந்த அக்காம்மா? வனஜா அவங்க வீட்டுக்கு ஒரே பொண்ணு."