மேற்படி மூலக்கூறு நேரில் ஆஜராகாதது குறித்து

ராசிபுரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தனப்பிரியா என்ற ஆராய்ச்சி மாணவி, மூன்று வருடம் பாடுபட்டு ஒரு புதிய மூலக்கூறைக் கண்டுபிடித்தாள். காற்றை உறிஞ்சி எடுத்த எஃகுக் கலத்துக்குள் வாயுவைப் பீச்சி, மின்சாரம் பாய்ச்சினால் அது பிறக்கும். நுண்ணலையை அனுப்பினால், தனக்கே உரிய அலைவரிசையில் பதில் குரல் கொடுக்கும். கணினித் திரையில் ஒரு கோடு எழும். அத்தோடு அதன் ஆயுள் தீர்ந்தது.

இதை நேரில் கண்டு ஒப்பமிட மேலிடத்திலிருந்து ஆய்வு அலுவலர் குருமூர்த்தி எழுந்தருளினார். அவர் ஒப்பமிடாவிட்டால் அதைக் கண்டறியும் இயந்திரம் வேறு கல்லூரிக்குப் போய்விடும். தனப்பிரியாவின் பட்டமும் கூடவே போகும்.

“எங்கம்மணி அந்த மூலக்கூறு?”

“இப்ப இருந்துச்சுங்க சார். போயிருச்சுங்க.”

“யாரைக் கேட்டுட்டுப் போச்சு?”

“அதுக்கு ஆயுசே அவ்வளவுதானுங்க. ஒரு செகண்டை ஆயிரமாப் பிரிச்சா, அதுல மூணு பங்கு.”

குருமூர்த்தி பேனாவை மூடினார். “நான் கையெழுத்துப் போடவே நாலு செகண்டு ஆகுது. அதுவரைக்குமாச்சும் இருக்க வேண்டாமா?”

அவள் திரையைக் காட்டினாள். “இதுதானுங்க அது குடுத்த கோடு.”

“கோடு என் பேத்தியும் போடுவா. படிவத்துல ‘நேரில் கண்டேன்’னு இருக்குது. உசுரோட காட்டுங்க. இல்லைன்னா இறப்புச் சான்றிதழ் குடுங்க.”

மேற்படி மூலக்கூறு அன்று நாற்பது முறை பிறந்து, அலுவலர் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் நாற்பது முறையும் மறைந்தது.

துறைத்தலைவர் தமிழரசு அவளைத் தனியே அழைத்தார். “கேன்டீன்ல ஒரு புட்டி சர்க்கரைத் தண்ணி வாங்கிப் பேர் ஒட்டிக் கொண்டா சாமி.”

“பொய்யில்லீங்களா சார்?”

“சர்க்கரையும் மூலக்கூறுதான?”

அறிவியல்படி மறுக்க வழியில்லை. கூச்சத்தோடு கொண்டுவந்து நீட்டினாள். குருமூர்த்தி புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், குலுக்கினார், உயிரோடிருப்பதாகத் திருப்தியடைந்து ஒப்பமிட்டார். கீழே அவளும் போட்டாள்.

அடுத்த மாதமே ஆணை வந்தது. மூலக்கூறு தற்போது நீண்ட ஆயுளுடன் விளங்குவதால், குறுகிய ஆயுளுள்ளவற்றைக் கண்டறியும் இயந்திரம் இனி தேவையில்லையாம். லாரி வந்து ஏற்றிக்கொண்டது. தனப்பிரியா பதறிப்போய் குருமூர்த்திக்குப் போன் போட்டாள்.

“அது வெறும் சர்க்கரைத் தண்ணிங்க சார்!”

“தெரியும் அம்மணி. அன்னைக்கே மூடியில எறும்பு ஏறிட்டு இருந்துச்சு. என்ன பண்றது, ஃபைல்ல ஏறிப்போச்சே.”

இயந்திரம் இருந்த அறையில் ஏசி போட்டு இப்போது புட்டியை வைத்திருக்கிறார்கள். முனைவர் தனப்பிரியாதான் காப்பாளர். மூலக்கூறு நலமாக இருக்கிறதென்று மாதாமாதம் எழுதிக் கொடுக்கிறாள். இதுவரை ஒரு மாதமும் தவறியதில்லை.